கையுறை

குன்னூரில் ஒரு தேயிலைத் தோட்டத்து வீட்டில் நண்பர்கள் சிலர் கூடியிருந்தபோது பேச்சு மிஷனரிகள் பக்கம் திரும்பிற்று. வழக்கமான இரண்டு கட்சிகள். ஒன்று, 'தமிழுக்குத் தொண்டு செய்தவர்கள்' என்று கும்பிடு போடுவது. மற்றது, 'மதம் மாற்ற வந்தவர்கள்' என்று கதவைச் சாத்துவது. இரண்டுமே யோசிக்கிற சிரமத்திலிருந்து தப்பிக்கும் வழிகள். மிஷனரியைப் பற்றி எழுத்தாளன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பேச வந்த இடத்தில் அவர் எவ்வளவு காது கொடுத்தார்?

ஏமி கார்மைக்கேலை நாம் டோனாவூரோடு சேர்த்தே அறிவோம். அதற்கு முன் 1893 ஏப்ரலிலிருந்து பதினைந்து மாதம் அவர் ஜப்பானில், மாட்சுவே நகரில், ஊழியம் செய்தார். மொழி தெரியாது, மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு ஜப்பானியப் பெண் துணை. நோயுற்ற கிழவி ஒருத்தியிடம் கிறிஸ்துவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்டுக்கொண்டே வந்த கிழவி இவருடைய ரோமக் கையுறையைப் பார்த்துவிட்டு, இதென்ன என்று கேட்கிறாள். பேச்சு அறுந்துபோகிறது. அதன்பின் ஊழியத்துக்கு ஆங்கில உடையை விட்டுக் கிமோனோ உடுத்தினார்; பிற்பாடு இங்கே சேலை.

பணிவுக்கு உதாரணமாக இதைச் சொல்வார்கள். பணிவு இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த உரையாடலில் கிழவி தானாகக் கேட்டது அது ஒன்றுதான். அது இடைஞ்சலாகப் பட்டது. கையுறையைக் கழற்றியது, தடையில்லாமல் தொடர்ந்து பேசுவதற்காக. ஜப்பானில் இன்றும் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். எண்டோ ஷூசாகுவின் 'மௌனம்' (1966) நாவலில் தோற்றுப்போன பாதிரி, அந்நாடு நட்ட கன்றின் வேர் அழுகும் சதுப்பு என்கிறார். மண்ணைக் குறை சொல்வது சுலபம்.

1895இல் இந்தியா வந்த கார்மைக்கேல், மறுவருஷம் நீலகிரியில் தாமஸ் வாக்கரைச் சந்தித்தார். பின் திருநெல்வேலிச் சீமைக்குப் போனார். மலையிலேயே தங்கித் தோடர்களிடையே பல்லாண்டு உழைத்தவர் கேதரின் லிங். அவர் முயற்சியில் மாற்கு சுவிசேஷம் 1897இல் தோட மொழியில் வெளிவந்தது, தமிழ் எழுத்தில். உரசொலிகளும் பலவகை ரகரங்களும் மிகுந்த மொழி அது. நம் நெடுங்கணக்கில் அவற்றுக்கு இடமில்லை. இந்த முறை கையுறை மொழிக்கே மாட்டப்பட்டது. அது நம்முடைய கையுறை.

எமனோ என்ற மொழியியலாளர் 1935க்குப் பின் வந்து, தோடர் பாடல்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, 1971இல் பெரும் நூலாக வெளியிட்டார். போதிக்க அவரிடம் எதுவும் இல்லை. எருமைக்கும் மந்துக்கும் சடங்குக்கும் இரட்டை இரட்டையாக அமைந்த தொடர்களில் பாடும் கறாரான கவிதை மரபு அது. நாம் கூட்டம் போட்ட இடத்திலிருந்து சற்று நேர பஸ் பயணத்தில் இருக்கிறது. படிமம், படிமம் என்று மூச்சு முட்டப் பேசும் நம்மில் எத்தனை பேருக்கு அதில் பரிச்சயம்? நம் ஊட்டிக் கவிதைகளில் பனி வரும், யூகலிப்டஸ் வரும், தனிமை வரும். தோடரும் படகரும் தூரத்தில் நிழலாகப் போவார்கள்.

மிஷனரி அந்த மொழியில் ஒரு புத்தகமாவது வர வேண்டுமென்று நினைத்தார். நாம் ஒரு சொல்லைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த முறை குன்னூரில் கூடும்போது மிஷனரி விசாரணையைத் தள்ளிவைப்போம். ஒரு தோடர் பாட்டின் ஒரே ஒரு ஜோடித் தொடரை, பாடுகிறவரிடமே கேட்டுப் புரிந்துகொள்ளப் பார்ப்போம். அவர் இடையில் நம்மை ஏதாவது கேட்டால், அதற்கும் பதில் சொல்வோம்.