வாளி நிறையட்டும், பிறகு முன்பணம்

தோட்டம் கைமாறிவிட்டது. வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. இழப்பீடு கொஞ்சம், ஊழியர் சேமநிதியில் வீட்டுக்கென்று எடுக்கக்கூடிய தொகை கொஞ்சம், வீட்டுக்காரம்மாவின் சங்கிலி ஒன்று. இவ்வளவுதான் கையிருப்பு. சிம்மோர் பக்கம் மேட்டில் ஒரு பழைய தரைவீடு கட்டுப்படியாகும் விலைக்கு வருகிறது. ஆனால் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. "அண்ணே, வாங்கலாமா, வேணாமா?" என்று போன வாரம் புருசனும் பெஞ்சாதியும் நம்மைத் தேடி வந்துவிட்டார்கள். இதே கேள்வியோடு இன்னும் பல குடும்பங்கள் இருப்பதால் இங்கேயே பேசிவிடுவோம்.

தண்ணீர்க் கஷ்டம் நமக்குப் புதிதா? பெரட்டுக்கு முன்பே லயத்துப் பொதுப் பைப்பில் வாளி போட்டு இடம் பிடித்து வளர்ந்தவர்கள்தானே நாம். தோட்டத்து வீடுகளுக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டியது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் சொல்கிறது. வராவிட்டால் சங்கம் போய்க் கேட்கும். தாமானில் துரையும் இல்லை, கிராணியும் இல்லை. பில் நம் பேரில் வரும். குறையை நீர் வாரியத்திடம் நாமேதான் சொல்லவேண்டும்.

ஆகவே முதலில் குறை எங்கே என்று பாருங்கள். வீட்டைக் காட்டுகிற ஏஜெண்டு பகல் இரண்டு மணிக்குத்தான் கூப்பிடுவார். ஊரே வேலைக்குப் போயிருக்கிற நேரம், தண்ணீர் நன்றாக வரத்தான் செய்யும். நீங்கள் காலை ஆறரைக்குப் போங்கள், மாலை ஏழுக்கும் போங்கள். பத்து லிட்டர் வாளி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். அடுப்படிக் குழாய்க்குப் பெரும்பாலும் வெளிப் பைப்பிலிருந்து நேராகவே தண்ணீர் வரும். குளியலறைக்குக் கூரைத் தொட்டியிலிருந்து இறங்கும். பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் ஒரு பார் அழுத்தம். கூரைத் தொட்டி குழாய்க்கு மேலே இரண்டு மீட்டர்கூட இருக்காது. ஆகவே குளியலறையில் மெதுவாக வந்தால் மட்டும் பயப்படவேண்டாம்.

மீட்டர் பக்கத்துக் குழாயில் நன்றாக வந்து அடுப்படியில் ஒழுகினால் கோளாறு வீட்டுக்குள்ளே. பழைய இரும்புக் குழாய் துருவேறி அடைத்திருக்கும், அல்லது மீட்டர் வால்வைப் பாதி மூடி வைத்திருப்பார்கள். குழாய்க்காரரிடம் செலவு கேட்டு, அதை விலையில் கழித்து வாங்கலாம். மீட்டரிலேயே ஒரு வாளி நிறைய இரண்டு மூன்று நிமிஷம் ஆகிறதா? அக்கம் பக்கத்துத் தாய்மார்களைக் கேளுங்கள். மேட்டு நிலமாகவோ, லைன் முடிகிற இடமாகவோ இருந்தால் அந்தக் குறையை உங்கள் பணத்தால் தீர்க்க முடியாது.

"பம்பு போட்டுக்கலாம்" என்பார் ஏஜெண்டு. வெளிப் பைப்பில் நேராகப் பம்பு பொருத்தி இழுக்க அனுமதி கிடையாது. அது பக்கத்து வீட்டுக்காரன் தண்ணீரைப் பிடுங்குவது. விரிசல் வழியாக அழுக்கையும் உள்ளே இழுத்துவிடும். கீழே ஒரு தொட்டி வைத்து, அது நிறைந்த பிறகு மேலே ஏற்றலாம். ராத்திரியிலாவது தண்ணீர் ஒழுங்காக வருகிற இடத்துக்கு அது சரி. ராத்திரியும் வராத இடத்தில் தொட்டி எதற்கு, கொசு வளர்க்கவா?

புது வீடு என்றால் சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதம் கட்டுமானக் குறைகளை மேம்பாட்டாளர் சரிசெய்து தரவேண்டும். பழைய வீட்டை இருக்கிற நிலையிலேயே விற்பார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு பேச்சில்லை. தெருவே சேர்ந்து வாரியத்துக்கு மனுப் போடலாம்தான், நாமும் எழுதித் தருவோம். ஆனால் மனுவை நம்பி வீடு வாங்காதீர்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டங்களையே வாங்கிய கைகள் நம்முடையவை. அப்படிச் சேர்த்த காசுக்கு இரண்டு நாள் பொறுக்கக்கூடாதா?

வந்த தம்பதியிடம் நாம் சொன்னது இதுதான்: மீட்டரில் ஒரு நிமிஷத்துக்குள் வாளி நிறைந்தால் விலையைக் குறைத்து வாங்குங்கள். இல்லையென்றால் வேண்டாம். புந்தோங் பக்கம் வாடகைக்கு ஆறு மாதம் இருந்தாலும் பரவாயில்லை. அந்த அம்மாவுக்கு வீட்டு வாசலில் இருக்கிற மாமரம் பிடித்துவிட்டது, அதுதான் சங்கடம். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வாளியோடு நாமும் கூடப் போகிறோம்.