கார்டு உங்களோடது... கன்ட்ரோல் யாரோடது?

போன்ல சார்ஜ் நிக்கணும்னு பவர் சேவர் மோடு போடுறோம். திடீர்னு ஒரு அப்டேட் வந்து, 'இதுக்கும் கீழே குறைக்க முடியாது'ன்னு சொன்னா எப்படி இருக்கும்? லினக்ஸ் பயன்படுத்துற கேமர்கள் பலருக்கு அதுதான் நடந்தது.

கிராஃபிக்ஸ் கார்டையும் ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் பேசவைக்கும் மென்பொருள்தான் டிரைவர். கார்டு எத்தனை வாட் இழுக்கலாம் என்பதை அதன் வழியாக மாற்றலாம். பலர் அதைக் குறைத்தே வைத்திருந்தார்கள். வேகம் கொஞ்சம் குறையும். கூடவே சூடு, ஃபேன் சத்தம், கரன்ட் பில்லும் குறையுமே!

2024 ஜனவரியில் லினக்ஸ் கெர்னல் 6.7 வந்தது. ஏ.எம்.டி கார்டுகளுக்கான டிரைவர், கார்டிலேயே பதிந்திருக்கும் குறைந்தபட்ச வாட் அளவைக் கறாராகக் கடைப்பிடிக்க ஆரம்பித்தது. அதற்குக் கீழே இறங்க வழியில்லை. பயனர்கள் கொதித்தார்கள். 'தயாரிப்பாளர் நிர்ணயித்த எல்லைக்குள் ஓடுவதுதான் பாதுகாப்பு' என்பது எதிர்த்தரப்பு வாதம்.

2015-ல் என்விடியாவுக்கும் இதே தலைவலி. லேப்டாப் கார்டுகளின் வேகத்தைக் கூட்டும் 'ஓவர்க்ளாக்' வசதியை டிரைவர் அப்டேட்டில் அடைத்தது. எதிர்ப்பு வலுத்ததும், திரும்பத் தருவதாக அறிவித்தது.

ரெண்டையும் ஒரே தராசில் வைக்காதீங்க. லேப்டாப்பில் வேகத்தைக் கூட்டினால் சூடு ஏறும், பயம் நியாயமானது. வாட்டைக் குறைத்தால்? பெரும்பாலும் கேம் தடுமாறும், சிஸ்டம் ஹேங் ஆகும். பழைய அளவுக்கு மாற்றினால் முடிந்தது. ரெண்டுக்கும் ஒரே பூட்டு எதுக்கு?

கம்பெனிக்கும் ஒரு கவலை இருக்கு. நாம நோண்டிக் கெடுத்துட்டு, வாரன்ட்டி கேட்டு நின்னா செலவு அவங்க தலையில. அதுக்கும் வழி இருக்கு. ஏ.எம்.டி டிரைவரிலேயே 'ஓவர்டிரைவ்' வசதி வழக்கமாக அணைந்தே இருக்கும்; வேணும்கிறவர் தானாக ஆன் செய்துகொள்ளலாம். குறைந்தபட்ச வாட்டுக்கும் இப்படி ஒரு சுவிட்ச், கூடவே 'ரிஸ்க் உங்களோடது' என்ற எச்சரிக்கை. போதாதா?

லினக்ஸில் விவரம் தெரிந்தவர்கள் கோடைத் திருத்தி, கெர்னலை மறுபடி கம்பைல் செய்து தப்பிக்கலாம். மூடிய மென்பொருளில் அந்த ஜன்னலும் கிடையாது. அதனால அடுத்த அப்டேட்டைத் தட்டும் முன், என்ன மாறுதுன்னு ஒரு நிமிஷம் படிங்க. காசு கொடுத்து வாங்கின பொருளில் எது உங்க கையில இருக்கு, எது போகுதுன்னு அதிலதான் தெரியும்.