தொண்டை உடைந்தால் யார் சோறு போடுவது?

புதுசாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஆறு மாசமோ ஒரு வருஷமோ 'ப்ரொபேஷன்' என்று ஒன்று உண்டு. அந்த நாட்களில் நாம் எவ்வளவு நல்ல பிள்ளை! ஒன்பதரை ஆபீசுக்கு ஒன்பது பத்துக்கே ஆஜர். மேனேஜர் ஜோக்கை முடிப்பதற்குள்ளேயே சிரிப்பு. ஃபைலைத் தப்பாகக் கட்டினால் சீனியர் திட்டுவார். திட்டட்டுமே! ஒண்ணாந்தேதி சம்பளம் வந்துவிடுகிறதே. தப்புப் பண்ணித் தொழில் கற்றுக்கொள்ளக் கம்பெனியே காசு கொடுக்கிறது. ப்ரொபேஷனின் மகிமை அதுதான்.

பாடிப் பிழைக்க வருகிறவனுக்கு இந்த வசதி உண்டா?

வெள்ளைக்காரர்கள் ஊரில் உண்டு. அங்கே 'ஆப்பரா' என்று ஒரு சமாசாரம். ராஜா ராணி கதை, காதல், துரோகம், சாவு எல்லாமே பாட்டுதான். கத்தியால் குத்துப்பட்டவன்கூட உடனே சாகமாட்டான். பத்து நிமிஷம் பாடிவிட்டுத்தான் சாவான். பெரும்பாலும் மைக் கிடையாது. எதிரே அறுபது, எழுபது பேர் வாத்தியம் வாசிப்பார்கள். அதையும் தாண்டிக் கடைசி வரிசை டிக்கெட்காரனுக்குக் குரல் போய்ச் சேர வேண்டும். அப்படிப்பட்ட குரல் முழுசாகப் பழுக்க முப்பது வயசு ஆகிவிடும். காலேஜை முடித்ததும் மேடை கிடைக்காது. அதுவரை என்ன செய்வான்? ஓட்டலில் தட்டு கழுவலாம். தட்டு பளபளக்கும், தொண்டை துருப்பிடிக்கும்.

இதை யோசித்துத்தான் சான்பிரான்சிஸ்கோ ஆப்பராக்காரர்கள் 1957-ல் 'மெரோலா' என்று ஒரு பயிற்சித் திட்டம் ஆரம்பித்தார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் 1980-லும், லண்டன் ராயல் ஆப்பராவில் 2001-லும் இதே மாதிரி வந்தன. வருஷத்துக்கு ஒரு சில பேரைத்தான் பொறுக்கி எடுப்பார்கள். இத்தாலி, ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் உச்சரிப்பு, நடிப்பு, பாட்டு எல்லாம் சொல்லித் தருவார்கள். நியூயார்க்கில் கையில் உதவித்தொகையும் கொடுக்கிறார்கள். சுருக்கமாக, பாட்டுக்காரனுக்கு ப்ரொபேஷன்!

'நமக்கு ஏது சார் ஆப்பரா?' என்று கேட்காதீர்கள். வேப்பூர் கூட்டுரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கோடைக்காலத்தில் எந்தத் திசையில் வேண்டுமானாலும் நடங்கள். ஏதாவது ஒரு கிராமத்தில் திரௌபதி அம்மன் கோயில் வாசலில் ராத்திரி பூரா கூத்து நடக்கும். கட்டை கட்டிக்கொண்டு, கிரீடம் வைத்துக்கொண்டு, விடிய விடியப் பாடி ஆடுகிறார்களே, அது என்னவாம்? நம்ம ஆப்பராவுக்கு ஒரே குறை, டிக்கெட் கிடையாது. அதனால் மதிப்பும் கிடையாது.

தெற்கே இன்னொரு ஆப்பரா: இசை நாடகம். அதற்குப் பயிற்சித் திட்டம் போட்டவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் பிறந்தவர், 'வள்ளி திருமண'மும் 'பவளக்கொடி'யும் எழுதியவர். பெரிய நடிகர்கள் மேடையில் தோன்றியதைப் பேசி, ஒருத்தரை ஒருத்தர் மடக்கிக்கொண்டிருந்த காலம். மனுஷர் வெறுத்துப் போனார். எழுதினதை எழுதினபடி சொல்லச் சின்னப் பையன்கள்தான் சரி என்று 1918-ல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா'வை ஆரம்பித்தார். அதில் ஆறு வயதில் சேர்ந்தவர்தான் பிற்காலத்து 'அவ்வை' டி.கே.சண்முகம். இப்படிப்பட்ட பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள்தான் எம்.ஜி.ஆரும், சிவாஜி கணேசனும். சாப்பாடு, படுக்கை, பாட்டு, வசனம், அடி, உதை எல்லாம் ஒரே கூரையின் கீழ். மெட்ரோபாலிட்டன்காரர்களுக்கு அறுபது வருஷம் முன்னாலேயே நாம் திட்டம் போட்டுவிட்டோம் என்று காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.

கொஞ்சம் பொறுங்கள். அந்தத் திட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதன் பெயர் மகரக்கட்டு.

பையனுக்குப் பதிமூன்று, பதினாலு வயசானால் குரல் உடையும். உங்களுக்கும் எனக்கும் உடைந்தபோது என்ன நஷ்டம்? போனில் பேசினால் 'அம்மாவா?' என்று கேட்டவர்கள் 'அப்பாவா?' என்று கேட்டார்கள், அவ்வளவுதான். கம்பெனிப் பையனுக்கு அப்படியில்லை. நேற்றுவரை ஸ்திரீபார்ட்டாகவோ ராஜபார்ட்டாகவோ நின்று கைதட்டல் வாங்கினவன், தொண்டை கரகரத்ததும் ஈட்டி பிடிக்கும் சேவகனாகிவிடுவான். அதுவும் இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பயிற்சி எப்போது ரொம்பத் தேவையோ, சோறு அப்போதுதான் நிற்கும். 1925-ல் சண்முகமும் சகோதரர்களும் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தபோது சண்முகத்துக்குப் பதிமூன்று நடந்துகொண்டிருந்தது. அண்ணனே முதலாளி, குரல் உடைந்தாலும் கவலையில்லை. எல்லாப் பையனுக்கும் அப்படி அண்ணன் வாய்ப்பாரா?

இத்தாலிக்காரர்கள் இதற்கு ஒரு பயங்கரமான வைத்தியம் வைத்திருந்தார்கள். குரல் உடைந்தால்தானே பிரச்னை? உடையவே விடக்கூடாது! நல்ல குரலுள்ள பையன்களுக்கு, நம்ம வேப்பூர் சந்தைக்கு வரும் ஆட்டுக்கிடாய்க்குச் செய்வார்களே, அதையே செய்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர்களில் ஃபாரினெல்லி என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவையே கலக்கினார். அந்த வரிசையில் கடைசியாகப் பெயர் சொல்லப்படும் அலெசாண்ட்ரோ மொரெஸ்கி இறந்தது 1922-ல். நம்ம சங்கரதாஸ் சுவாமிகள் காலமான அதே வருஷம். ஒரு ஃபாரினெல்லிக்குப் பின்னால், வாழ்க்கையும் போய்ப் பாட்டும் வராமல் போன பையன்கள் எத்தனை பேரோ!

நம்ம ஊரில் இதற்கு நேர்மாறாக ஒருத்தர் ஜெயித்துக் காட்டினார். புதுக்கோட்டை பி.யு.சின்னப்பா. பாய்ஸ் கம்பெனியில் கொடிகட்டிப் பறந்தவர். குரல் உடைந்தது, கம்பெனியை விட்டு வந்தார். சும்மா உட்காரவில்லை. முறையாகச் சங்கீதம் கற்றார். குஸ்தி, சிலம்பம் என்று உடம்பையும் தேற்றினார். அப்புறம் 1940-ல் 'உத்தமபுத்திரன்', 1944-ல் 'ஜகதலப்பிரதாபன்'. அதில் ஒரே பாட்டில் பாடுகிறவரும் அவர், பக்கவாத்தியக்காரர்களும் அவரே!

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள். பொம்மையை ஒரு தடவை சுட்டால் போதாது. முதல் சூட்டில் கெட்டிப்படும். மேல்பூச்சு கொடுத்து மறுபடி சூளையில் வைத்தால்தான் பளபளப்பு வரும். சின்னப்பா தன் இரண்டாவது சூளைக்குத் தானே விறகு சுமந்தார். எல்லாராலும் முடியுமா? பாதிச் சூட்டில் வெளியே வந்து மளிகைக் கடையில் பொட்டலம் மடித்த சின்னப்பாக்களின் பெயர் நமக்குத் தெரியாது.

சமீப காலத்தில் ஒருவர் இதை மாற்றப் பார்த்தார். பி.ராஜகோபால் என்ற கூத்துக் கலைஞர். பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவின் கூத்துக் குழுவில் சேர்ந்தவர். தனக்கு விட்டுப்போன படிப்பு அடுத்த தலைமுறைக்கு விடக்கூடாது என்று, மனைவி ஹன்னே டி ப்ருயினுடன் சேர்ந்து 2002-ல் காஞ்சிபுரம் பக்கத்தில் 'கட்டைக்கூத்து குருகுலம்' ஆரம்பித்தார். கூத்தும் உண்டு, ஸ்கூல் படிப்பும் உண்டு. ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். குரல் உடைந்தாலும் அங்கேயே இருந்து படிக்கலாம். அதுதான் விசேஷம். ஆனால் 2020-ல் குருகுலம் மூடப்பட்டுவிட்டது.

ஆக, பாட்டுக்காரனை உருவாக்குவதில் வாத்தியார் பாதிதான். மீதிப் பாதி, அவன் சம்பாதிக்காத அந்த நாலைந்து வருஷத்துக்கு யார் சோறு போடுவது என்கிற கணக்கு. நியூயார்க்கில் அதற்குக் கோடீஸ்வரர்கள் செக் எழுதுகிறார்கள். நம்ம ஊரில்?

நீங்களும் நானும்தான். அடுத்த தடவை உங்கள் ஊர்க் கோயில் கூத்துக்கு வரி கேட்டு வந்தால், கூட ஒரு நூறு ரூபாய் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள்: 'குழுவில் தொண்டை உடைந்த பையன் ஒருத்தன் இருந்தால் அவனையும் கூட்டி வரச் சொல்லுங்க. ரெண்டு வரி பாடட்டும். சம்பளத்தில் அவனுக்கும் ஒரு பங்கு போடுங்க.' பிசிறடித்தால் அடிக்கட்டுமே. ப்ரொபேஷனில் நாம் கூட்டின கணக்கு மட்டும் முதல் நாளே சரியாக வந்துவிட்டதா என்ன?