யார் இங்கே டூப்ளிகேட்?

டூப்ளிகேட் என்ற சொல்லுக்கு நம் ஊரில் நல்ல பெயர் கிடையாது. டூப்ளிகேட் மருந்து, டூப்ளிகேட் ஸ்பேர் பார்ட்ஸ், டூப்ளிகேட் பத்திரம் என்று பட்டுப் பட்டு நொந்தவர்கள் நாம். அதனால்தான் இங்கிலாந்தில் ஒருத்தர் ஆபீஸ் முடிந்து வந்து, வீட்டை ஒட்டிய கராஜில் நாலைந்து வருஷம் மல்லுக்கட்டி, 1970-களின் ராலி கார் ஒன்றை அச்சு அசலாகச் செய்து நிறுத்தினார் என்று கேள்விப்பட்டதும், நம் வாயில் வரும் முதல் கேள்வி: ‘அப்போ அது ஒரிஜினல் இல்லியா?’

நாம் மட்டும் கேட்கவில்லை. கோடிக்கணக்கில் கொட்டிப் பழைய கார்களைச் சேகரிக்கும் வெள்ளைக்காரக் கனவான்களும் இதையே கேட்கிறார்கள், மூக்கைச் சுளித்துக்கொண்டு. ‘ரெப்ளிகாதானே?’ இந்த ‘தானே’ இருக்கிறதே, என் சண்டை அதோடுதான்.

முதலில் கார் எதுவென்று சொல்லிவிடுகிறேன். ஃபோர்டு எஸ்கார்ட். 90-களில் இங்கே ஓடிய எஸ்கார்ட் அல்ல, அதன் தாத்தா. 1968-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த சாதாரணக் குடும்பக் கார். வாத்தியாரும் குமாஸ்தாவும் வாங்கிய வண்டி. 1100 சி.சி., 1300 சி.சி. எஞ்சின்கள். ஆனால் எஸ்ஸெக்ஸில் போர்ஹாம் என்ற பழைய விமானத் தளத்தில் இருந்த ஃபோர்டின் பந்தயப் பட்டறை, அந்தக் குமாஸ்தா வண்டிக்குள் காஸ்வொர்த்தின் 16 வால்வு எஞ்சினை இறக்கியது. அப்புறம் நடந்தது சரித்திரம். 1970-ல் லண்டனிலிருந்து மெக்ஸிகோ வரை நடந்த ராலியில் ஹன்னு மிக்கோலா எஸ்கார்ட்டில் ஜெயித்தார். பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியை 1972 முதல் 1979 வரை தொடர்ந்து எட்டு வருடம் எஸ்கார்ட்தான் ஜெயித்தது. 1979-ல் தயாரிப்பாளர்களுக்கான உலக ராலிப் பட்டம். 1981-ல் ஆரி வாட்டனென் அதே காரில் உலக சாம்பியன்.

சேற்றிலும் பனியிலும் காட்டுப் பாதையில் பின்பக்கம் ஆட ஆட, பக்கவாட்டில் பறந்து வரும் அந்தக் காரை ரோட்டோரம் நின்று பார்த்த சிறுவர்கள் இன்று ஓய்வுபெறும் வயதில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வண்டி வேண்டும். அசல் பந்தய வண்டி வாங்க வீட்டை விற்க வேண்டும். அதனால் செய்கிறார்கள்.

‘செய்கிறார்கள்’ என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். அதற்குள் என்னவெல்லாம் இருக்கிறது தெரியுமா?

துருப்பிடித்த ஒரு பழைய எஸ்கார்ட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். கடைசி போல்ட் வரை கழற்ற வேண்டும். வெறும் பாடியை ஒரு சுழல் சட்டத்தில் மாட்டி, கோழியைத் தீயில் வாட்டுகிற மாதிரி திருப்பித் திருப்பி வைத்து, பெயின்ட்டையும் துருவையும் சுரண்டினால்தான் உண்மை தெரியும். பாதித் தரை இருக்காது. முந்தைய ஓனர் பட்டி போட்டு மறைத்த ஓட்டைகள் பல்லிளிக்கும். அதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங். அப்புறம் பாடியின் இணைப்புகள் நெடுக மறுபடி வெல்டிங். கம்பெனியில் அங்கங்கே புள்ளி வைத்த மாதிரிதான் ஒட்டியிருப்பார்கள். ராலிக்கு அது போதாது, குதித்துக் குதித்து இறங்கினால் பிய்ந்துகொள்ளும்.

பிறகு உள்ளே இரும்புக் குழாயில் ரோல் கேஜ். கார் உருண்டாலும் ஆள் நசுங்காமல் இருக்க. பின்னால் லீஃப் ஸ்பிரிங்கை மட்டும் நம்பினால் ஆக்ஸில் அலைபாயும். அதைப் பிடித்து நிறுத்த நான்கு இணைப்புக் கம்பிகள். அகல டயர் உரசாமல் இருக்க, சக்கரத்துக்கு மேல் உப்பலாக நிற்கும் மட்கார்டு. தரைக்கு அடியில் போகும் பிரேக் பைப்பைக் கல் அடிக்கும் என்று அதைக் காருக்குள்ளேயே கொண்டுபோக வேண்டும். எஞ்சின் அடியில் கவசத் தகடு. காஸ்வொர்த் எஞ்சினுக்கு வசதி இல்லாதவர்கள், ஃபோர்டின் 2 லிட்டர் ‘பின்டோ’ எஞ்சினைத் தேடி எடுத்து, ஹெட்டைக் கழற்றி, கேம் ஷாஃப்ட் மாற்றி, இரட்டை கார்புரேட்டர் வைத்துத் தேற்றுகிறார்கள்.

இதில் எதைச் சார் ‘டூப்ளிகேட்’ என்கிறீர்கள்? வெல்டிங் டூப்ளிகேட்டா? கையில் பட்ட தீக்காயம் டூப்ளிகேட்டா?

சரி, ஒரிஜினல், ஒரிஜினல் என்கிறார்களே, அது என்ன என்றும் பார்த்துவிடுவோம். ராலி கார் என்பது மியூசியத்துக்காகப் பிறந்ததில்லை. மரத்தில் மோதும், பள்ளத்தில் உருளும். மறு பந்தயத்துக்கு முன்னால் பட்டறையில் புது பாடி எடுத்து, எஞ்சினையும் கியர் பாக்ஸையும் மாற்றி, பழைய நம்பர் பிளேட்டையே மாட்டி அனுப்புவார்கள். அந்தக் காலத்துக் கம்பெனி அணிகளில் இது சர்வ சாதாரணம். ஒரே நம்பர் பிளேட்டை அடுத்தடுத்து வேறு வேறு வண்டிகள் சுமந்திருக்கின்றன. பாட்டி காலத்துக் கத்தி, பிடியை மூன்று தடவையும் அலகை இரண்டு தடவையும் மாற்றியாச்சு என்ற கதைதான். அசல் என்று கும்பிடப்படுவதே பல நேரம் ஒரு தகட்டில் அடித்த நம்பர் மட்டும்.

அந்தத் தகட்டுக்குத்தான் இத்தனை ஆட்டம். 2018-ல் ஒரு ஃபெராரி 250 ஜிடிஓ ஏலத்தில் 4.84 கோடி டாலருக்குப் போனது. மறு வருடமே, இத்தாலியில் பொலோனியா நகர நீதிமன்றம் அந்தக் காரின் வடிவம் ஒரு கலைப்படைப்பு, மற்றவர்கள் அதை நகலெடுத்துச் செய்யக்கூடாது என்றது. கலைக்கு மரியாதை, சந்தோஷம். ஆனால் நம்பர் தகடு கோடிகளில் விலைபோகும் இடத்தில், யார் யாருடைய லாபத்துக்குக் காவல் நிற்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறதா, இல்லையா?

இன்னும் வேடிக்கை இருக்கிறது. ஜாகுவார் 1963-ல் 18 ‘லைட்வெயிட்’ இ-டைப் கார் செய்யத் திட்டம் போட்டு 12-தான் செய்தது. பாக்கி ஆறை, ஐம்பது வருடம் தூங்கிவிட்டு, 2014-ல் செய்ய ஆரம்பித்தது. ஒன்றின் விலை 10 லட்சம் பவுண்டுக்கு மேல். 1957-ல் தீ விபத்தில் எரிந்துபோன ஒன்பது எக்ஸ்.கே.எஸ்.எஸ். கார்களுக்குப் பதிலாக, அறுபது வருடம் கழித்துப் புதிதாக ஒன்பது செய்து விற்றது. எஸ்கார்ட்டும் தப்பவில்லை. 2024-ல் ஃபோர்டிடம் உரிமம் வாங்கிய ஒரு பிரிட்டிஷ் நிறுவனம், அந்த போர்ஹாம் பெயரிலேயே, முதல் தலைமுறை எஸ்கார்ட்டைப் புதிதாகத் தயாரிக்கிறது. மொத்தம் 150 கார். ஒன்று சுமார் 3 லட்சம் பவுண்டு.

இதற்கெல்லாம் அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கன்டினியுவேஷன்’. தொடர்ச்சியாம்! கம்பெனி செய்தால் தொடர்ச்சி. கராஜில் ஒருத்தர் செய்தால் டூப்ளிகேட். பணக்கார வீட்டுப் பையன் பேசாமல் இருந்தால் அடக்கம், ஏழை வீட்டுப் பையன் பேசாமல் இருந்தால் அசடு என்பார்களே, அந்தக் கணக்கு.

உண்மையான டூப்ளிகேட் ஆசாமி யார் என்று நான் சொல்கிறேன். நகல் செய்துவிட்டு, சேஸிஸ் நம்பரைத் திருட்டுத்தனமாக அடித்து, பழைய போட்டோ நாலைச் சேர்த்து, ‘வாட்டனென் ஓட்டிய வண்டி’ என்று விற்கிறானே, அவன். அவனை ஜெயிலில் போடுங்கள், கைதட்டுகிறேன். கராஜ்காரர் அப்படியில்லை. ‘இது நானே செஞ்சது’ என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார். அதைச் சொல்வதில்தான் அவருக்குப் பெருமையே. பொய்யே சொல்லாதவரை எப்படிப் போலி என்பது?

எனக்கு இதில் ஆச்சரியம் கார் அல்ல. அந்த நாட்டுச் சட்டம்.

எஸ்கார்ட்டாவது பழைய வண்டியை வைத்துச் செய்வது. லான்சியா ஸ்ட்ராடோஸ் என்று ஒன்று உண்டு. ஃபெராரி எஞ்சின் வைத்த, ஆப்பு மாதிரி வடிவம் கொண்ட இத்தாலிய ராலி கார். 1974, 75, 76 மூன்று வருடமும் உலகப் பட்டம். செய்தது 500-க்கும் குறைவு. பிரிட்டனில் அதன் நகலுக்கான சட்டமும் பாடியும் கிட்டாகவே விலைக்குக் கிடைக்கின்றன. ஆல்ஃபா ரோமியோவின் வி6 எஞ்சினை வாங்கிப் பொருத்தி, வீட்டிலேயே முழுக் காரைச் செய்கிறார்கள். அப்படிச் செய்ததை ரோட்டில் ஓட்டலாம். எப்படி? 2009-லிருந்து ‘தனி வாகன ஒப்புதல்’ என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. ‘அமெச்சூர் தயாரித்த வாகனம்’ என்று அதில் தனிப் பிரிவே உண்டு. பிரேக், ஸ்டியரிங், சீட் பெல்ட் மாட்டிய இடத்தின் பலம், விளக்கு, கண்ணாடி, புகை, சத்தம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஃபெயில் என்றால் காரணம் எழுதித் தருவார்கள். சரிசெய்து மறுபடி கொண்டுபோகலாம். பாஸ் ஆனால் பதிவு செய்து நம்பர் வாங்கலாம்.

அதாவது அரசாங்கம் குடிமகனைப் பார்த்துச் சொல்கிறது: ‘நீ செய். ஒழுங்காகச் செய்திருக்கிறாயா என்று நான் பார்க்கிறேன்.’

நம் அரசாங்கம் சொல்வது: ‘நீ செய்யாதே. எனக்குப் பார்க்க நேரமில்லை.’

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாக உறுதிசெய்தது. காஸ் கிட் மாட்ட வழி உண்டு. அனுமதி வாங்கி அதே வகை எஞ்சின் மாற்ற வழி உண்டு. தானே ஒரு கார் செய்து ரோட்டுக்குக் கொண்டுவர நினைக்கிற தனி மனிதனுக்கு, நடைமுறையில் வழியே இல்லை. 2021-ல் பழைய வண்டிகளுக்கென்று தனி விதி வந்தது. 50 வயது தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். நல்லதுதான். ஆனால் அது வைத்திருப்பவனுக்கான விதி. செய்பவனுக்கானதல்ல.

‘அய்யய்யோ, திறந்துவிட்டால் ஈ.சி.ஆரில் சைலன்ஸரைக் கழற்றிவிட்டுப் பறக்கிற பயல்களெல்லாம் கிளம்பிடுவானே’ என்பீர்கள். நியாயமான பயம். ஆனால் அந்தப் பயல் இந்தச் சட்டம் இருக்கும்போதே பறந்துகொண்டுதானே இருக்கிறான்? அவன் எந்தப் பரிசோதனைக்கும் வண்டியைக் கொண்டுவர மாட்டான். நான் கேட்பது, தானாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ‘சோதித்துப் பாருங்கள்’ என்று சொல்கிறவனுக்கு ஒரு கவுன்ட்டர்.

‘நம் ஊர் ஷெட்டில் செய்ததை நம்பி எப்படி ரோட்டில் விடுவது?’ என்பது அடுத்த கேள்வி. கரூருக்குப் போய்ப் பாருங்கள். வெறும் சேஸிஸாக உள்ளே போகிற வண்டி, முழு பஸ்ஸாக வெளியே வருகிறது. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்கும் ரிக்குக்கும் அப்படித்தான் பாடி கட்டுகிறார்கள். நம் ஊர்க் கை கட்டிய பஸ்ஸில்தான் ஐம்பது பேர் ராத்திரி முழுக்கத் தூங்கிக்கொண்டு போகிறோம். அதற்கு விதி இருக்கிறது, சோதனை இருக்கிறது, பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். ஐம்பது பேர் போகிற பஸ்ஸைச் சோதிக்கத் தெரிந்த துறைக்கு, இரண்டு பேர் போகிற காரைச் சோதிக்கத் தெரியாதா?

கோயம்புத்தூரில் கரிவரதன் என்று ஒருவர் இருந்தார். மாருதி 800 எஞ்சினை வைத்து, சாமானியனுக்கும் எட்டுகிற செலவில் ‘ஃபார்முலா மாருதி’ பந்தயக் கார்களைச் செய்து காட்டியவர். 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது அந்த வகைக் கார்தான். அவர் பெயரில் ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. ஆனால் அவரைப் போல இன்னொருவர் செய்தால், தடத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வர முடியாது.

பணக்காரன் விளையாட்டுக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்பவர்களுக்கு: மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022-ல் கார் உற்பத்தி நின்றபோது, ஒரு காரை முழுசாகக் கோக்கத் தெரிந்த ஆயிரக்கணக்கான கைகள் வெளியே வந்தன. அந்தக் கைகளில் பத்துப் பேராவது சொந்தமாகச் சின்ன ஷெட் போட்டு, ஆர்டரின் பேரில் ஒன்றிரண்டு கார் செய்து பிழைத்திருக்க முடியுமா? முடியாது. ஸ்பானர் பிடிக்காமலேயே மெக்கானிக்கல் எஞ்சினீயரிங் முடிக்கிற பிள்ளைகள் வருஷா வருஷம் வெளியே வருகிறார்கள். அவர்களில் ஒருவனுக்குத் தானே ஒரு வண்டி செய்து பார்க்க ஆசை வந்தால், சட்டம் அவனை என்ன செய்யச் சொல்கிறது? ஷோரூமுக்குப் போய் இ.எம்.ஐ.யில் வாங்கச் சொல்கிறது.

நான் கேட்பது சலுகை இல்லை. மானியமும் வேண்டாம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு படிவம், ஒரு சோதனைப் பட்டியல், ஒரு கட்டணம். செய்தவன் தன் பெயரைப் போடட்டும், தப்பென்றால் பொறுப்பு ஏற்கட்டும். ஆர்.சி. புத்தகத்தில் ‘தயாரிப்பாளர்’ என்ற கட்டத்தில் கம்பெனி பெயருக்குப் பதில் ஒரு மனிதனின் பெயர் இருந்தால், அதைவிட ஒரிஜினல் என்ன இருக்கிறது?