வெட்டுவான் கோயில் இடிஞ்ச கோயில் இல்ல மக்கா!

போன வாரம் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நண்பன் ஒருத்தன் கழுகுமலை படங்கள் போட்டிருந்தான். மொத்தம் பன்னிரண்டு. பன்னிரண்டும் கறுப்பு வெள்ளை. அடியில் "காலம் தின்ற சிதிலங்கள்" என்று ஒரு வரி. ஆளாளுக்கு ஆஹா ஓஹோ. நான் மட்டும் "படம் நல்லாருக்கு மக்கா, ஆனா பொய்" என்று எழுதித் தொலைத்தேன். அவ்வளவுதான். பி.காம். படிக்கிறவனுக்கு ரசனையைப் பற்றி என்ன தெரியும் என்று ஒருத்தி கேட்டாள். (அவளும் பி.காம். தான் :)) அங்கே பதில் சொல்ல இடம் போதவில்லை. அதனால் சண்டையை இங்கே விரிவாகப் போடுகிறேன்.

முதல் விஷயம். வெட்டுவான் கோயில் சிதிலமே இல்லை. சங்கரன்கோவிலில் கோவில்பட்டி பஸ் ஏறினால் வழியிலேயே கழுகுமலை. போய்ப் பாருங்கள். 8-ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், மலைப்பாறையை மேலிருந்து கீழாகச் சுமார் 25 அடி ஆழத்துக்கு வெட்டி, நடுவில் விட்ட பாறையையே கோயிலாகச் செதுக்கியிருக்கிறார்கள். எல்லோரா கைலாசநாதர் கோயிலும் இதே முறைதான். மேலே சிகரம், உமாமகேசுவரர், மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தி எல்லாம் அழகாக முடிந்துவிட்டது. அடிப்பகுதி முடியவில்லை. அப்படியே வேலை நின்றுபோனது. ஏன் என்று கேட்டால் ஊரில் அப்பன் சிற்பி, மகன் சிற்பி கதை ஒன்று சொல்வார்கள். கதை எப்படியோ போகட்டும், கட்டிய கோயில் இடிந்ததாக யாரும் சொல்லவில்லை. அடுக்கிய கல் இருந்தால்தானே சரிந்து விழ? இது முழுக்க ஒரே பாறை.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் நமக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? பாதி முடிந்த சரக்கு 'ஒர்க் இன் பிராக்ரஸ்'. உடைந்து வீணானது 'ஸ்கிராப்'. இரண்டையும் ஒரே தலைப்பில் எழுதினால் மார்க் கிடையாது. நண்பன் ஒரு ஃபில்டரைப் போட்டு, பாதியில் நின்ற வேலையை ஸ்கிராப் கணக்கில் எழுதிவிட்டான். படம் பார்க்கிறவனுக்கு "ஐயோ அழிஞ்சு போச்சே" என்று ஒரு பெருமூச்சு வரும். "ஏன் நிறுத்தினாங்க, அடுத்த உளி எங்கே விழுந்திருக்கும்?" என்ற கேள்வி வராது. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

"கறுப்பு வெள்ளையில்தான் உளித்தடம் நல்லா தெரியும்லே" என்று அவன் சொன்னான். ஒத்துக்கொள்கிறேன். சாய்ந்த வெயிலில் நிறத்தை எடுத்துவிட்டால் கல்லின் மேடுபள்ளம் பளிச்சென்று எழும். ஆனால் அவன் படத்தில் நிழலெல்லாம் கரிக்கட்டை. உளித்தடம் எங்கே? சோகம் மட்டும்தான் தெரிகிறது.

அடுத்த வாதம், "அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தானே எடுத்தாங்க?" சரி, அந்தக் காலத்துக்கே போவோம். 1858-ல் மதராஸ் மாகாண அரசின் போட்டோகிராபர் லின்னேயஸ் டிரைப் மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்தார். அவர் கையில் இருந்தது காகித நெகட்டிவ். நிறம் வேண்டும் என்றாலும் வராது. வானம்கூட வெறும் வெள்ளையாக விழும் என்று நெகட்டிவ் மேலேயே மேகத்தைக் கையால் தீட்டினார் மனுஷன்! அதே ஆள்தான் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். எழுத்தைப் படிக்க வேண்டும், அதுதான் நோக்கம்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் நம் கோயில்களின் படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. திருடுபோன ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்தாரே, அவர் நம்மவர்தான் என்று நிரூபிக்க உதவியது அந்த நிறுவனம் எடுத்து வைத்திருந்த படம். அதுவும் போட்டோதான், நாம் போடுவதும் போட்டோதான்!

பழசு என்றால் நிறம் இல்லாதது என்று யார் சொன்னது? கடையநல்லூர் பக்கம் திருமலாபுரம் குடைவரையில் பாண்டியர் கால ஓவியத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது. நம் மாவட்டம்தான். சித்தன்னவாசலைச் சொல்லவே வேண்டாம். கல்லின் மேல் வண்ணம் பூசிய ஆட்கள் நம் முன்னோர்கள். அந்த மிச்சத்தையும் சாம்பல் நிறமாக்கிவிட்டு "பழமை" என்கிறோம்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம். அன்றைக்கு நானும்தான் அவனோடு மலை ஏறினேன். அங்கே சமணச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. பார்சுவநாதர், அம்பிகா இயக்கி, அடியில் வட்டெழுத்தில் இந்தச் சிற்பத்தைச் செய்வித்தவர் இன்னார் என்று பெயர்கள். குரத்தியர் என்று சொல்லப்பட்ட பெண் துறவிகளின் பெயர்கூட உண்டு. ஏறி வருகிற வழியில் ஒரு பாறையில் வேறு பெயர்கள். வெள்ளை பெயிண்டில், நடுவில் இதயம், அம்பு. நேரில் பார்க்கும்போது கண்ணைக் குத்தியது. அவன் படத்தில் அது காணோம்! கறுப்பு வெள்ளையில் பெயிண்ட் பாசி மாதிரி, பாறையின் தழும்பு மாதிரி அழகாகக் கலந்துவிட்டது. கணக்கில் இதற்கு 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று பெயர்.

நஷ்டம் மறைந்தால் யாருக்கும் வெட்கம் வராது. அதோடு, "எல்லாம் செத்துப் போச்சு" என்று ஊருக்குச் சொல்லிவிட்டால், செத்ததன் மேல் இன்னொரு கீறல் விழுந்தால் என்ன என்றுதானே அடுத்தவன் நினைப்பான்?

ஒன்றை ஒத்துக்கொண்டாக வேண்டும். முதலாம் ஆண்டில் நானும் இதைச் செய்தேன். என் முகத்தோடு, பின்னால் வெட்டுவான் கோயில், கறுப்பு வெள்ளை. ஆறு மாதம் அதுதான் டி.பி. ஹி ஹி.

கறுப்பு வெள்ளையே கூடாது என்று நான் சொல்லவில்லை. கலர் படத்தை அழிக்காமல் வை. எந்த ஊர், எந்தத் தேதி என்று எழுது. பெயிண்ட் தெரிந்தால் தெரியட்டும். கவிதை எழுதுவதற்கு முன்னால் அந்தக் கோயில் இடிந்ததா, முடியாததா என்று மட்டும் பார்த்துக்கொள்.

பன்னிரண்டு படத்தின் கலர் ஒரிஜினல் இன்னும் அவன் போனில் இருக்கிறதாம். அழிச்சுராதலே மக்கா. எனக்கு அனுப்பு.