தஞ்சோங் பகாரிலிருந்து ஒரு நடை: கைதிகள் கட்டிய சிங்கப்பூர்

வார இறுதியில் கொஞ்சம் நேரம் இருக்கா? தஞ்சோங் பகார் எம்ஆர்டியில் இறங்கி நடந்து பாருங்க. சவுத் பிரிட்ஜ் ரோடு வழியாகப் போய், எல்கின் பாலத்தைத் தாண்டினால் நார்த் பிரிட்ஜ் ரோடு. அங்கேதான் வெள்ளை நிற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம்.

அதைக் கட்டியது யார்?

நாடு கடத்தப்பட்ட இந்தியக் கைதிகள். 1856இல் அடிக்கல் நாட்டினார்கள். முதல் வழிபாடு 1861இல் நடந்தது. சுவர்ப்பூச்சுக்கு 'மெட்ராஸ் சுண்ணாம்பு': சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர்.

எப்படி வந்தாங்க?

1824 உடன்படிக்கையில் சுமத்ராவின் பெங்கூலன் டச்சுக்காரர்கள் கைக்குப் போனது. அங்கிருந்த இந்தியக் கைதிகளை 1825இல் இங்கே கொண்டுவந்தது பிரிட்டிஷ் நிர்வாகம். பிறகு இந்தியாவிலிருந்தே கப்பல்கள் வந்தன. பிராஸ் பசாவில் இருந்த சிறையைக்கூட கைதிகளே கட்டினார்கள். 1873இல் அது மூடப்பட்டது.

அப்போ இது அடிமைத்தனமா?

சட்டப்படி இல்லை. ராஃபிள்ஸ் 1823இலேயே இங்கு அடிமை வியாபாரத்தைத் தடை செய்துவிட்டார். கைதிகளுக்கு நீதிமன்றத் தீர்ப்பு இருந்தது. நன்னடத்தைக்குச் சலுகையும் இருந்தது. ஆனால் தடை வந்த இரண்டே ஆண்டில், வேலையை மறுக்க முடியாத இன்னொரு கூட்டம் வந்து இறங்கியது. சாலை, பாலம், இஸ்தானா என நகரம் எழுந்தது அவர்கள் உழைப்பிலும்தான்.

தேவாலயத்தை வடிவமைத்த ரொனால்டு மெக்பர்சன் பெயரில் ஒரு சாலையும் எம்ஆர்டி நிலையமும் இருக்கு. அதைக் கட்டியவர்களில் ஒருவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா?