தலைக் கணக்கு

1988-இல் நியூயார்க்கில் ஒரு சாட்சியின் வீட்டுக்குக் காவலிருந்த எட்வர்ட் பைர்ன் என்ற போலீஸ்காரரைப் போதைமருந்து வியாபாரியின் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். அவர் பெயரால் அமெரிக்க அரசு உள்ளூர்ப் போலீசுக்கு மானியம் வழங்கலாயிற்று. வழங்கட்டும். ஆனால், வாங்கியவர் கணக்குக் காட்டவேண்டுமே! நடக்காமற்போன குற்றத்தை எப்படி எண்ணுவது? பிடித்த தலைகளை எண்ணினார்கள்.

டெக்ஸாஸில் டூலியா என்ற சிற்றூர். 1999-இல், மானியத்தில் நடந்த படையின் ஒரே ஒற்றனுடைய வாய்ச்சொல்லை நம்பி 46 பேர்மீது வழக்கு, பெரும்பாலோர் கறுப்பர். வீடுகளைக் குடைந்தும் மருந்து அகப்படவில்லை. அதனாலென்ன? பன்றி வளர்த்துப் பிழைத்த ஒரு முதியவருக்கு 90 ஆண்டுத் தண்டனை! ஒற்றனுக்கோ மாநில விருது.

2003-இல் கவர்னர் 35 பேரை மன்னித்தார். யார் யாரை மன்னிப்பது, ஐயா? ஒற்றன் பொய்ச்சத்தியம் செய்தவன் என்று 2005-இல் தீர்ப்பாயிற்று. பணம் கொடுத்தவர்களை எந்தக் கோர்ட்டும் கூப்பிடவில்லை.